மிஸ் எவர்ஸ் ஏன் நடுமேடையில் நிற்கிறார்?

டேவிட் ஃபெல்ட்ஷூவின் ‘மிஸ் எவர்ஸ் பாய்ஸ்’ நாடகத்தைப் படித்து முடித்தபோது எனக்குக் கோபம் வந்தது நர்ஸ் எவர்ஸ் மேல்தான். சிக்கலே அங்கேதான்.

அலபாமாவின் டஸ்கீகியில், 1932 முதல் 1972 வரை, சிஃபிலிஸ் இருந்த 399 கறுப்பின ஆண்களைச் சிகிச்சை தராமல் வெறுமனே கவனித்தார்கள். 1940களின் இறுதியில் பெனிசிலின் கைக்கு வந்த பிறகும்தான். முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுக்க, ‘இலவச சிறப்பு சிகிச்சை’ என்று கடிதம் போட்டே வரவழைத்தார்கள். திட்டம் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையுடையது.

நாடகத்தில் அந்தத் துறை கிட்டத்தட்ட ஒரே ஒரு வெள்ளை டாக்டராகச் சுருங்கிவிடுகிறது. குற்றவுணர்வு, கண்ணீர், நீண்ட வசனம் எல்லாம் கறுப்பின நர்ஸுக்கு. ஆபீஸில் சர்வர் விழுந்தால், டிசைன் பண்ணியவரை விட்டுவிட்டு அன்றைக்கு ஆன்-கால் யாருன்னு தேடுவோமே, அந்த மாதிரி. நிஜத்தில் வேலை பார்த்த யூனிஸ் ரிவர்ஸுக்குப் பொறுப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. பொறுப்பின் அளவு மாறிப்போகிறது என்கிறேன்.

ஃபெல்ட்ஷூ மருத்துவரும்கூட. உடம்பை எழுதும்போது அவர் தப்பவே இல்லை. ஆட்டக்காரன் வில்லி கடைசியில் கைத்தடி ஊன்றி வருகிறான். அங்கே புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன், கொஞ்ச நேரம்.