டவரை ஓட வைக்கிறவர்கள் எந்த வாசல் வழியா வர்றாங்க?

தமிழில் 'ஏர் டிராஃபிக் வேலை' என்று தேடினால் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலும் ஹெட்செட் மாட்டிய கன்ட்ரோலர்தான் இருப்பார். அவர் பேசுகிற ரேடியோ, பார்க்கிற ரேடார், விமானத்தை ஓடுபாதைக்குக் கூட்டிவரும் ஐ.எல்.எஸ். இதையெல்லாம் பழுதில்லாமல் ஓட வைக்கிற எலெக்ட்ரானிக்ஸ் ஆட்களைப் பற்றிப் பேச்சே இல்லை. உலக அளவில் இவர்களை ஏ.டி.எஸ்.இ.பி. என்கிறார்கள்.

ரெண்டையும் போட்டுக் குழப்புவதால் பிள்ளைகளுக்குத்தான் நஷ்டம். இயற்பியல், கணிதத்தோடு பி.எஸ்ஸி. முடித்தவர் கன்ட்ரோலர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம்; எலெக்ட்ரானிக்ஸ் ஜூனியர் எக்ஸிகியூட்டிவ் வேலைக்கு முடியாது. அதற்குப் பொறியியல் பட்டம் வேண்டும், வயது 27-க்குள், கூடவே கேட் மதிப்பெண். இந்திய விமான நிலைய ஆணையம் 2024-இல் கேட் வழியாக அறிவித்த 490 இடங்களில் 278 இந்தப் பிரிவுக்குத்தான். சின்ன எண்ணிக்கை இல்லை.

கேட் தேர்வில் சிபாரிசு செல்லாது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மூணு மணி நேரம், 65 கேள்வி, செய்முறை ஒன்றுகூடக் கிடையாது. வேலையோ வேறு மாதிரி. ஐ.எல்.எஸ்.-இன் லோக்கலைசர் 90, 150 ஹெர்ட்ஸ் என்று ரெண்டு தொனிகளை அனுப்பும். ஓடுபாதையின் மையக் கோட்டில் ரெண்டும் சமமாக இருக்கணும். வரம்பு மீறி விலகினால் மானிட்டர் தானாகவே டிரான்ஸ்மிட்டரை நிறுத்திவிடும். அப்போ கோளாறு டிரான்ஸ்மிட்டரிலா, கேபிளிலா, இல்லை மானிட்டரே பொய் சொல்லுதா? ஆன்டெனா முன்னாடி எவனாவது லாரியை நிறுத்திட்டானா? கையும் காதும் பழகினவருக்குத்தான் இது சீக்கிரம் பிடிபடும்.

அந்தப் பழக்கம் டிப்ளமோ பசங்களுக்கு நிறைய உண்டு. அவர்களுக்கான வாசல் சீனியர் அசிஸ்டென்ட் பதவி. அதற்குக் கேட்பது டிப்ளமோவோடு ரெண்டு வருஷ அனுபவம். நாட்டின் சிவில் விமான நிலையங்களில் இந்தக் கருவிகளைப் பராமரிப்பது ஆணையமேதான். அப்புறம் வெளியே இருக்கிற பையன் ஐ.எல்.எஸ்.-ஐ எங்கே போய்த் தொடுவான்? வேறெங்காவது டெலிகாம் வேலை பார்த்து, அது 'தொடர்புடையது' என்று ஒத்துக்கொள்ளப்படும் என நம்பணும். ஆணையமே ஒரு வருஷ அப்ரென்டிஸ் பயிற்சி தருகிறது. ஆனால் முடித்தவரை வேலைக்கு எடுத்தே ஆகணும் என்ற கட்டாயம் இல்லை.

சிக்கலின் வேர் இன்னும் ஆழத்தில். விமானப் பராமரிப்புப் பொறியாளருக்கு லைசென்ஸ் உண்டு. தனியார் நிறுவனத்தில் படித்து, டி.ஜி.சி.ஏ. தேர்வு எழுதி வாங்கலாம். ஏ.டி.எஸ்.இ.பி.-க்குச் சர்வதேச சிவில் விமான அமைப்பின் லைசென்ஸ் பட்டியலில் இடமே இல்லை. வெளியில் படித்துத் தகுதி பெற்றுக் கதவைத் தட்ட வழியில்லை. உள்ளே எடுத்து, பிரயாக்ராஜ் பயிற்சிக் கல்லூரிக்கு அனுப்பினால்தான் ஆள் உருவாவார். 'ஏர்போர்ட் டிப்ளமோ' என்று லட்சக்கணக்கில் வசூலிக்கும் கடைகள் இதைச் சொல்லவே சொல்லாது.

பயிற்சியைத் தன் கையிலேயே வைத்திருக்கும் ஓர் அமைப்பு அனுபவத்தோடு வா என்று கேட்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. அந்த ரெண்டு வருஷத்தை ஆணையமே சம்பளப் பயிற்சியாக மாற்றலாம். பாலிடெக்னிக் முடித்த கையோடு எடுத்து, கடைசியில் கருவி முன்னால் நிறுத்திச் சோதிக்கலாம். தேறாதவரை அப்போது அனுப்பட்டுமே.