தம்பிரான் தோழரின் சாட்சியம்

சைவ மரபு நால்வரையும் இறைவனோடு அவர்கள் கொண்ட உறவை வைத்தே வேறுபடுத்திச் சொன்னது. அப்பர் தொண்டர், சம்பந்தர் மகன், சுந்தரர் தோழர். மாணிக்கவாசகருக்கு ஞானநெறியாகிய சன்மார்க்கம். சாத்திரம் இவற்றைப் படிகளாக அடுக்கினாலும், நால்வரையும் ஒருசேரக் குரவராக வணங்கும் வழக்கம் அந்த அடுக்கைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. எந்த உறவில் நிற்கிறோமோ அந்த உறவுக்கேற்பவே இறைவன் அறியப்படுகிறான் என்ற துணிவு இதில் இருக்கிறது. சமய அனுபவம் பற்றிய நவீன ஆய்வோ வேறிடத்தில் தொடங்குகிறது. 1902இல் வெளியான தம் நூலில் வில்லியம் ஜேம்ஸ், தனிமையில் இருக்கும் மனிதனின் உணர்வையும் அனுபவத்தையுமே சமயத்தின் கருவாகக் கொண்டார். தமிழ்ப் பக்தியை அந்தக் கண்ணால் பார்த்தால் முக்கியமானது நழுவிவிடும். உணர்வு எனக்குள்ளேயே முடிந்துவிடலாம், உறவு அப்படியன்று. அதில் எதிரே ஒருவர் நிற்க வேண்டும். அவர் கேட்டதைத் தரலாம், மறுக்கவும் செய்யலாம்.

ஏழாம் திருமுறையாகத் தொகுக்கப்பட்ட சுந்தரரின் 100 பதிகங்களே இதற்கு வலுவான சான்று. திருக்கோளிலியில் அவர் கேட்பது முத்தியை அன்று, குண்டையூரில் கிடைத்த நெல்லை மனைவி பரவையின் வீட்டுக்குக் கொண்டுசேர்க்க ஆள். இன்னொரு மனைவி சங்கிலியின் பெயரும் பதிகத்துக்குள் வருகிறது. பிரியேன் என்ற வாக்கை மீறி அவளைப் பிரிந்ததால் கண் போனது என்கிறது பெரியபுராணம். கண்ணிழந்த பின் திருவொற்றியூரிலும் திருவாரூரிலும் பாடியவற்றில் கெஞ்சலும் கோபமும் ஒரே மூச்சில் வருகின்றன. தமக்கு வாய்த்த தெய்வம் தம் விருப்பத்துக்கு வளைவதில்லை என்பதை இந்த மனிதர் நன்றாக அறிந்திருக்கிறார். நம் மனமே கடவுளைச் செய்துகொள்கிறது என்று சொல்பவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஆசை வடித்த தெய்வம் ஆசைக்கு இணங்கிப் போகும். சுந்தரரின் தெய்வம் வாக்கு மீறியதற்குத் தண்டிக்கிறது. இது தெய்வம் உண்டு என்பதற்கு நிரூபணம் ஆகாது. வெறும் ஆசைக்கனவு என்ற விளக்கம் போதாது என்பதற்கு மட்டும் போதும்.

இவையெல்லாம் பெரியபுராணம் பாடிய சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் கட்டிய கதை என்று ஒதுக்கலாமா? கதையின் விரிவு அவருடையதுதான். ஆனால் நெல்லும் சங்கிலியும் கண்ணிழப்பும் பதிகங்களிலேயே உள்ளவை. இலக்கிய மரபு பற்றிய எதிர்ப்பு இன்னும் கூர்மையானது: ஊடலும் பிரிவும் அகத்திணையிலிருந்து வந்தவை, பாடுபவரின் ‘நான்’ ஒரு வேடம் என்பது அது. நார்மன் கட்லர் 1987இல் எழுதிய நூல், இப்பாடல்களைக் கேட்பவரும் அந்த ‘நான்’ என்பதற்குள் புகுந்து நிற்க முடிகிறது என்று காட்டியது. இதை நான் எதிர்ப்பாகக் கருதவில்லை. உறவுகள் எல்லாமே வழக்கில் உள்ள மொழியால்தான் பேசப்படுகின்றன. தாலாட்டு மரபுவழி வந்தது என்பதால் தாயின் அன்பு பொய்யாகிவிடாது.

வரலாற்றாசிரியர்களின் வாதம் இதைவிடக் கனமானது. எம். ஜி. எஸ். நாராயணனும் கேசவன் வெளுத்தாட்டும் 1978இல், பக்தி இயக்கம் கோயிலையும் நிலவுடைமையையும் அரசையும் சார்ந்து வளர்ந்ததை எடுத்துக்காட்டினார்கள். க. கைலாசபதி சோழப் பேரரசையும் சைவ சித்தாந்தத்தையும் ஒன்றாக வைத்துப் படித்தார். சுந்தரர் வரலாறே திருவெண்ணெய்நல்லூரில் நீட்டப்பட்ட அடிமை ஓலையில்தான் தொடங்குகிறது. அக்காலத்து உடைமை உறவின் சொற்கள் அப்படியே இறையுறவின் சொற்களாயின என்பதை மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. ஆயினும் அந்த ஓலையால் ஆட்கொள்ளப்பட்டவரையே மரபு தம்பிரான் தோழர் என்று அழைத்தது. ஆண்டானைப் பெயர் சொல்லி வைது, கணக்குக் கேட்டு, ஏவல் சொல்லும் அடிமையை எந்த நிலவுடைமைச் சட்டமும் ஏற்றிருக்காது.

மிகக் கடுமையான எதிர்ப்பு மரபுக்குள்ளிருந்தே வந்தது. தனிப்பட்ட நெருக்கம் ஒருவரைச் செருக்குக் கொள்ளச் செய்யாதா? அந்த நெருக்கத்தை யார் சோதிப்பது? திருவாரூரில் கூடியிருந்த அடியாரை வணங்காமல் நேரே இறைவனிடம் சென்ற சுந்தரரைப் புறம்பானவர் என்றார் விறன்மிண்டர் என்ற அடியார். அவரை ஏற்ற சிவனும் புறம்பே என்றார். பரவையின் ஊடல் தீர்க்க இறைவனைத் தூது அனுப்பிய செய்தி கேட்டு ஏயர்கோன் கலிக்காமர் கொதித்தார். சூலை நோய் வந்து, அதைச் சுந்தரரால்தான் தீர்க்க முடியும் என்றபோது, அவர் கையால் பிழைப்பதைவிடச் சாவதே மேல் என்று வயிற்றைக் கிழித்துக்கொண்டார் என்கிறது பெரியபுராணம். இருவரின் கோபத்தையும் மரபு அடக்கிவிடவில்லை. நாயன்மார் அறுபத்துமூவரில் இருவருக்கும் இடமுண்டு. இந்தச் சமநிலை சேக்கிழாருடையது மட்டுமன்று. அந்த அடியார்களைப் போற்றும் திருத்தொண்டத்தொகையைப் பாடியவர் சுந்தரர். அதில் விறன்மிண்டருக்கும் கலிக்காமரின் அடியாருக்கும் தாம் அடியேன் என்று அவரே பாடி வைத்திருக்கிறார்.