வாய் திறவாத வைத்தியம்

தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலே பூசகர் வாயைத் துணியாற் கட்டிப் பூசை செய்கிறார். அங்கே மௌனம் பக்தி. புற்றுநோய் கண்ட குழந்தையை மடியிலேந்திய தாயின் முன் வைத்தியர் சாதிக்கும் மௌனத்துக்கு என்ன பெயர்?

பேசப் பழக்கும் முறைகள் இல்லாமலில்லை. 2000-ம் ஆண்டில் பெய்ல், பக்மன் முதலியோர் வெளியிட்ட 'ஸ்பைக்ஸ்' முறைக்கு ஆறு படிகள். சொல்லுமுன், கேட்பவர் அறிந்திருப்பதை வினவுக என்பது அதன் உயிர்நாடி. நல்ல முறைதான். ஆயினும் வளர்ந்த நோயாளியை மனத்திற்கொண்டு எழுந்தது அது. குடும்பமே நோயுறும் நிலை அதனுள் முற்றும் அடங்காது.

மொழியும் ஒரு தடை. 19-ம் நூற்றாண்டில் மானிப்பாயிலே சாமுவேல் கிறீன் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார், நூல்களையும் தமிழாக்கினார். இன்று பாடம் ஆங்கிலத்தில். தாயின் துயரம் தமிழில். 'லுக்கீமியா' என்றதும் அவள் தலையசைப்பது விளங்கியதாலன்று, அச்சத்தால். வசதியுள்ளவன் வேறொரு வைத்தியரைக் கேட்டறிவான். கூலித் தொழிலாளி யாரைக் கேட்பான்?

செல்வ நாடுகளில் நூற்றுக்கு 80-க்கு மேற்பட்ட குழந்தைகள் பிழைக்கின்றனர். வறிய நாடுகள் பலவற்றில் 30-க்கும் குறைவு. சிகிச்சை இடையிற் கைவிடப்படுவதும் இதற்கொரு காரணம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கைவிடுவதற்கு வறுமை மட்டுமா காரணம்? குழந்தை தேறியதுபோலத் தோன்றியபின்னும் மருந்து ஏன் தொடரவேண்டும் என்பதை அந்தத் தாய்க்கு யார் விளக்கினார்? அதனை அவளுடைய தமிழில் விளக்க வல்லவரா என்று பரீட்சித்த பின்னரே ஒருவரை வைத்தியரென வெளியே அனுப்புதல் முறை.