தம்பூராவைக் கேட்டு ஃபைல் வாங்குவது

மாரு பிஹாக் ராகப் பதிவு ஒன்றுக்குப் பணம் கட்டியான பிறகு, அதை எந்த உருவில் தரட்டும் என்று கடை கேட்கிறது. பேண்ட்கேம்ப் தளத்தில் விரியும் பட்டியல் இது: எம்பி3 வி0, எம்பி3 320, ஃப்ளாக், ஏஏசி, ஆக் வோர்பிஸ், அலாக், வேவ், ஏஐஎஃப்எஃப். எட்டுப் பெயருக்கும் பாட்டு ஒன்றுதான். பலரும் முதலில் கண்ணில் படுவதை அமுக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். சினிமாப் பாட்டென்றால் அதனால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. புனேயில் உட்கார்ந்து இந்துஸ்தானி கேட்கப் பழகியவர்களால் அப்படிப் போக முடிவதில்லை. காரணம் தம்பூரா.

தம்பூராவைப் பின்னணி என்று ஒதுக்குவது நம் வழக்கம். ஒலிப்பதிவில் கடைசிவரை பிடி கொடுக்காத வாத்தியம் அதுதான். அதன் குதிரை தட்டையாக இருக்காது, மேல்பரப்பு மெல்ல வளைந்திருக்கும். குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஒரு நூலைச் செருகி, மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, ஓரிடத்தில் நிறுத்துவார்கள். அங்கே தந்தி குதிரையை உரசி உரசி விலகும். ஒரே சட்ஜத்திலிருந்து மேல்நாதங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பும். விரல் தந்தியை விட்ட பிறகு, யாரும் மீட்டாத காந்தாரம் மெதுவாக மேலே வந்து நிற்கும். அந்தக் காந்தாரம் ஃபைலில் இருக்கிறதா இல்லையா என்பதுதான் என் முதல் சோதனை. பாடகரை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

இந்தப் பிடிவாதம் ஊர்க் காற்றில் ஒட்டிக்கொண்டது. புனேக்குத் தெற்கே இருக்கும் மிரஜில் தலைமுறைகளாகத் தம்பூரா செய்கிறார்கள். 2024-ல் அந்த ஊர்த் தம்பூராவுக்கும் சிதாருக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. கிரானா கரானா என்ற பாடகர் மரபின் அப்துல் கரீம் கான் வாழ்ந்த ஊர் அது. 1913-ல் புனேயில் ஆர்ய சங்கீத வித்யாலயத்தைத் தொடங்கியவர் அவர். சுருதி சேர்ந்துவிட்டால் கச்சேரியில் பாதி முடிந்தது என்று நினைக்கிற பாணி அவருடையது. நமக்கும் அந்நியர் இல்லை: தியாகராஜரின் கரகரப்பிரியா கீர்த்தனை ஒன்றை இசைத்தட்டில் பாடியவர், 1937-ல் சென்னையிலிருந்து பாண்டிச்சேரிக்கு ரயிலில் போகும் வழியில், சிங்கப்பெருமாள்கோவில் ஸ்டேஷனில் உயிர் நீத்தார். அவருடைய சீடர் சவாய் கந்தர்வர், அவருடைய சீடர் பீம்சேன் ஜோஷி. குருவின் நினைவாக ஜோஷி 1953-ல் தொடங்கிய விழா, சென்னையில் சீசன் களைகட்டும் அதே டிசம்பரில் இன்றும் புனேயில் நடக்கிறது.

அந்த விழாவை எப்படி முடிப்பார்கள் என்பது இந்த விஷயத்துக்கு முக்கியம். எல்லோரும் பாடி முடித்த பின் சவாய் கந்தர்வரின் பழைய இசைத்தட்டுப் பைரவியை ஒலிபெருக்கியில் போடுவது வழக்கம். மூன்று நிமிஷத் தட்டு. கரகரக்கும், மேல் ஸ்தாயி மெலிந்து ஒலிக்கும். அதை யாரும் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. 78 சுற்றுத் தட்டு தன்னால் பிடிக்க முடியாததை விட்டுவிட்டது, பிடித்ததைக் குலைக்கவில்லை. எம்பி3 செய்யும் சேதம் வேறு ஜாதி.

எம்பி3 பிறந்தது ஜெர்மனியின் எர்லாங்கனில், ஃப்ரான்ஹோஃபர் ஆய்வு நிலையத்தில். 1995 ஜூலையில்தான் அந்த ஃபைல் வால்பெயரை முடிவு செய்தார்கள். கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் தன் சூத்திரத்தைச் செப்பனிடத் திரும்பத் திரும்பக் கேட்ட பாட்டு, சுசான் வேகாவின் 'டாம்ஸ் டைனர்'. பக்கவாத்தியமே இல்லாத தனிக்குரல். அவர் கையில் யாராவது ஒரு மிரஜ் தம்பூரா பதிவைக் கொடுத்திருந்தால் இந்த வரலாறு கொஞ்சம் மாறியிருக்குமோ என்று எனக்கு ஒரு நப்பாசை உண்டு. எம்பி3-யின் தத்துவம், உரத்த ஒலி பக்கத்தில் இருக்கும் மெல்லிய ஒலியை மறைத்துவிடும், மறைந்ததற்கு இடம் எதற்கு என்பது. பாடகர் பஞ்சமத்தில் நிற்கும்போது தம்பூராவின் மேல்நாதங்கள் அந்தச் சூத்திரத்தின் கண்ணுக்கு மறைந்தவை. கிடைத்த இடத்தில் அவற்றை அரைகுறையாக எழுதிவிட்டுப் போகிறது.

128 கேபிபிஎஸ் ஃபைலில் இது அப்பட்டமாகத் தெரியும். சிடி தரத்தில் ஒரு மணி நேர இசை சுமார் 635 எம்பி. 128-ல் அதுவே 58 எம்பிக்குள் அடங்கிவிடும். பதினொன்றில் ஒரு பங்கு. பெரும்பாலும் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே வெட்டு விழுந்திருக்கும். தம்பூராவின் மினுமினுப்பு தண்ணீருக்கடியில் கேட்பதுபோல் குழையும். தபலாவில் வலக்கைத் தாயாங்கின் 'நா' விழுவதற்குச் சற்று முன்பே ஒரு சின்ன 'உஸ்' முந்திக்கொள்ளும். ஒலியைத் துண்டு துண்டாக நறுக்கிச் சுருக்குவதால், அடியின் கசடு அதற்கு முந்திய மௌனத்திலும் பரவிவிடுகிறது. ஒருமுறை காதில் பட்டால் பிறகு கேட்காமல் இருக்க முடியாது.

320-க்கு வந்தால் கதை வேறு. நன்றாகச் சுருக்கிய 320-ஐ ஃப்ளாக்கிலிருந்து கண்ணைக் கட்டிக்கொண்டு பிரித்துச் சொல்கிறவர் மிகச் சிலர். அதைச் செய்வேன் என்று மார்தட்டுகிறவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. 320-ல் என்னை உறுத்துவது ஒலியின் தரமல்ல, இடைவெளி. எம்பி3 ஒலியை 1152 மாதிரிகள் கொண்ட சட்டங்களாக எழுதுகிறது. பாட்டு சரியாகச் சட்டத்தின் விளிம்பில் முடியாவிட்டால் மிச்சத்தை மௌனத்தால் நிரப்பும். தொடக்கத்திலும் கொஞ்சம் சேர்க்கும். சில பத்து மில்லி நொடிதான். மூன்று நிமிஷப் பாட்டுக்கு அது பொருட்டே இல்லை. கயாலை மெதுவான விளம்பித், வேகமான துருத் என்று இரண்டு டிராக்காக வெட்டி விற்கிறார்களே, அங்கேதான் வினை. பாடகர் மூச்சுவிடும் இடத்தில், எது நடந்தாலும் நிற்கக் கூடாத தம்பூரா 'டக்'கென்று அறுந்து மறுபடி ஒட்டிக்கொள்கிறது. எவ்வளவு மௌனம் சேர்ந்தது என்ற குறிப்பைச் சில சுருக்கிகள் ஃபைலிலேயே எழுதி வைக்கும். நல்ல பிளேயர் அதைப் படித்து நீக்கிவிடும். கார் ஸ்டீரியோ பல படிப்பதில்லை.

ஃப்ளாக்கில் இந்தத் தொல்லை கிடையாது. ஜாஷ் கோல்சன் எழுதி 2001-ல் முதல் முழுப் பதிப்பு வந்தது. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், உரிமத் தொகை இல்லை. எதையும் தூக்கிப் போடாமல் சுருக்குகிறது. விரித்தால் கடைசி பிட் வரை பழையது திரும்பும். அளவு மூல ஃபைலில் பாதியோ, கொஞ்சம் கூடவோ. அதில் எனக்கு மிகவும் பிடித்த வேலைப்பாடு வெளியே தெரியாதது: சுருக்குவதற்கு முந்திய ஒலியின் எம்டி5 கைரேகையைத் தலைப்பகுதியில் பொறித்து வைத்திருப்பார்கள். பத்து வருஷம் கழித்து ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிட் புரண்டிருந்தாலும் சரிபார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். வேவும் ஏஐஎஃப்எஃப்பும் கேட்பதற்கு இதே தரம்தான், இடத்தை மட்டும் இரட்டிப்பாக அடைக்கும். அவற்றை வாங்கி வைப்பதில் ரசிகனுக்கு லாபம் இல்லை.

குழப்பத்தின் உச்சம் எம்4ஏ. ஆப்பிள் உலகில் ஏஏசி என்ற கழித்துச் சுருக்கும் முறையும், அலாக் என்ற கழிக்காமல் சுருக்கும் முறையும் இதே வால்பெயரில்தான் வரும். மூடிய எவர்சில்வர் தூக்குகள் இரண்டு. திறந்தால்தான் ஒன்றில் ரசம், ஒன்றில் சாம்பார். திறக்காமல் கண்டுபிடிக்க அளவைப் பார்ப்பதே சுலபம்: மணிக்கு 115 எம்பி அளவில் இருந்தால் ஐடியூன்ஸ் விற்ற 256 ஏஏசி, 300-ஐத் தாண்டினால் பெரும்பாலும் அலாக்.

புனேயின் ராஸ்தா பேட்டில் எங்கள் கட்டிடத்து மாமா ஒருவர், ஓய்வு பெற்ற பிறகு இந்துஸ்தானி கேட்கத் தொடங்கியவர், பென்டிரைவோடு மாடியேறி வந்தார்.

"ஏண்டா, பிரபா ஆத்ரேயோட கலாவதி. காசு கட்டி வாங்கியிருக்கேன். கார்ல போட்டா பாட்டே இல்லேங்கறது."

"என்ன ஃபார்மேட்ல எறக்கினேள் மாமா?"

"அதெல்லாம் எனக்கென்ன தெரியும்? ஒசத்தி எதுவோ அதை அமுக்கினேன்."

உசத்தியாக அமுக்கியது ஃப்ளாக். பழைய கார் ஸ்டீரியோவுக்கு அது புரியாது. ஆப்பிளின் ஃபைல்ஸ் செயலி 2017 முதல் ஃப்ளாக்கைப் பாடுகிறது, மியூசிக் செயலியின் நூலகத்தில் மட்டும் இன்னும் சேர்க்க விடுவதில்லை. அங்கே அலாக்காக மாற்றியே ஆக வேண்டும். மாமாவின் ஃப்ளாக்கை வீட்டு டிஸ்க்கில் பத்திரப்படுத்தி, அதிலிருந்து 320 எம்பி3 ஒன்று எடுத்துக் காருக்குக் கொடுத்தாயிற்று. இந்தத் திசையில் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். எதிர்த்திசையில் முடியாது: எம்பி3-யை ஃப்ளாக் ஆக்கினால் எடை கூடும், போன காந்தாரம் வராது.

விற்பவர்களில் சிலர் இதைத்தான் செய்கிறார்கள். ஒரு கடையில் ஃப்ளாக் என்று விலை கூட்டி விற்ற அறுபதுகளின் கச்சேரி ஒன்றை ஆடாசிட்டியில் திறந்து அலைமாலையை விரித்தேன். 16 கிலோஹெர்ட்ஸில் செங்குத்தாக ஒரு சுவர், மேலே கருப்பு. பழைய ஒலிநாடாவின் இரைச்சல் மேலே போகப்போகத் தேய்ந்து மறையுமே தவிர அப்படி ஸ்கேல் வைத்து வெட்டினதுபோல் நிற்காது. எங்கோ கிடந்த எம்பி3-க்கு ஃப்ளாக் சட்டை மாட்டியிருந்தார்கள். கடிதம் எழுதினேன், பதில் இல்லை.

'ஹை-ரெஸ்' என்ற பெயரும் இப்படித்தான், பாதி உண்மை. இன்று நல்ல மைக் வைத்து 24 பிட்டில் பதிவு செய்ததை 24 பிட்டிலேயே விற்பது நியாயம். 1930-களின் தட்டை 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று விற்றால்? தட்டை டிஜிட்டலுக்கு மாற்றுகிறவருக்கு அந்த அளவு உதவும், கீறலின் கூர்மையைத் துல்லியமாகப் பார்த்து நீக்கலாம். கேட்பவனுக்கு அதில் கிடைப்பது 96 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் சுத்தமான தேய்மானச் சத்தம். இரைச்சலுக்கு ஒழுங்கு கிடையாது, அதனால் அது சுருங்கவும் சுருங்காது. மூன்று நிமிஷப் பைரவி மலைபோல் வந்து இறங்கும். கைதேர்ந்தவர் மாற்றியதா என்று அறிய நான் பார்ப்பது வேறொன்று: ஒற்றைத் தட ஒலியை ஒற்றைத் தடமாகவே வைத்திருக்கிறாரா? ஹெட்போனில் பாடகர் நெற்றிக்கு நடுவே அசையாமல் நின்று, கரகரப்பும் அவர் கூடவே நின்றால் வேலை தெரிந்தவர். கரகரப்பு மட்டும் இரு காதுக்கும் பரவினால், ஸ்டீரியோ ஊசியில் எடுத்து அப்படியே விட்டிருக்கிறார்.

டவுன்லோடாக இசையை விற்பது இந்தியாவில் நிலைத்த தொழில் ஆகவில்லை. ஃபிளிப்கார்ட் 2012-ல் ஃப்ளைட் என்ற இசைக் கடையைத் திறந்து, அடுத்த வருஷம் ஜூனில் மூடியது. சுபா முத்கலும் அனீஷ் பிரதானும் 2003-ல் தொடங்கிய அண்டர்ஸ்கோர் ரெகார்ட்ஸ் மாதிரி, கலைஞர்களே கை வைத்தவை சொற்பம். புனே ரசிகர்கள் அலூர்கர் மியூசிக் ஹவுஸின் கேசட்டில் வளர்ந்தவர்கள். ஃபைலை அட்டை இல்லாமல் வாங்குவது அவர்களுக்கு இன்னும் கொஞ்சம் உறுத்தல்தான்.

அட்டை போனது நஷ்டம் என்பதில் சந்தேகமில்லை. அதில் பாதியையாவது ஃப்ளாக்கில் மீட்கலாம். எம்பி3-யின் பழைய குறிப்புமுறையில் தலைப்புக்கு 30 எழுத்துதான். ஃப்ளாக்கில் தலைப்புகளையே நாமாக வைத்துக்கொள்ளலாம்: ராகம், தாளம், கரானா, பதிவான ஊர், தபலா, ஹார்மோனியம் என்று. தமிழிலும் எழுதலாம். வாங்கி வரும் ஃபைல்களில் பாடகர் பெயர் இருக்கும், தபலாக்காரர் பெயர் எப்போதாவது இருக்கும். தம்பூரா என்று ஒரு வரி நான் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். பின்னால் உட்கார்ந்து மீட்டியவர்கள் பெரும்பாலும் சீடர்கள், பெயர் எங்கும் அச்சாகியிருக்காது. பழைய கேசட் அட்டையைத் தேடியோ, அந்தக் கச்சேரிக்குப் போயிருந்த யாரையாவது விசாரித்தோதான் எழுத வேண்டியிருக்கிறது. மாமாவிடம் இதைச் சொன்னபோது, "முதல்ல ராகத்தைப் பெரிசா போடு, கார்ல கண்ணாடி இல்லாம படிக்கணும்" என்றார். போட்டுக் கொடுத்தேன்.