எரியும் எரியூட்டியவளும்: பெண்ணின் போராட்ட வன்முறை குறித்து இரட்டைக் காப்பியங்கள்

பெண்ணுரிமைப் போராட்டத்தில் வன்முறைக்கு இடமுண்டா என்னும் வினா எழும்போதெல்லாம் நம் மேடைகளும் திறனாய்வு நூல்களும் கண்ணகியைச் சான்றுக்கு அழைக்கின்றன. அநீதிக்கு எதிராகப் பெண் தீயைக் கையிலெடுத்தது நியாயமே என்பர் ஒருசாரார். அது கற்பின் ஆற்றல். அதனைப் போராட்டம் எனக் கொள்வது காலப்பிழை என்பர் மறுசாரார். இருசாராரும் எரிந்த மதுரையை நோக்குகின்றனரேயன்றி, அந்த எரியைக் குறித்துக் காப்பியத்திற்குள்ளேயே நடைபெறும் வழக்கினை நோக்குவதில்லை. அவ்வழக்கினை மீண்டும் திறந்து பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் நிகழ்ச்சிகளின் வரிசை கருதத்தக்கது. வழக்குரை காதையில் கண்ணகி வென்றுவிடுகிறாள். சிலம்பை உடைத்து, மாணிக்கப் பரலைக் காட்டி, மன்னனின் தீர்ப்பைப் பிழையென நிறுவுகிறாள். பாண்டியன் தன்னைத் தானே கள்வனென்று கூறி உயிர் துறக்கிறான். கோப்பெருந்தேவியும் வீழ்கிறாள். நீதி கேட்டவளுக்கு நீதி கிடைத்துவிட்டது. எரியூட்டல் இதற்குப் பின்னரே நிகழ்கிறது. எனவே, வேறு வழியில்லாதவர் கைக்கொண்ட கடைசிக் கருவி வன்முறை என்று வழக்கமாகக் கூறப்படும் நியாயம் இங்கே பொருந்தாது. 1968இல் சென்னைக் கடற்கரையில் நிறுவப்பட்டு, 2001இல் அகற்றப்பட்டு, 2006இல் மீண்டும் நிறுத்தப்பட்ட சிலையும் சிலம்பேந்திய கண்ணகியையே காட்டுகிறது; தீயேந்திய கண்ணகியை அன்று. சிற்பியின் தேர்வு திறனாய்வாளர் பலரினும் நுட்பமானது எனலாம்.

அவ்வாறாயின் தீ யார்மீது செல்கிறது? ஊர்சூழ் வரியில் கண்ணகி தெருத்தெருவாகச் சென்று, இவ்வூரில் பெண்டிர் உண்டா, சான்றோர் உண்டா, தெய்வம் உண்டா என வினவுகிறாள். ஊரார் கலங்குகின்றனர், செங்கோல் வளைந்ததென்று இரங்குகின்றனர், அவளோடு அரண்மனை வாயிலுக்கு வந்து வழக்குரைப்பார் ஒருவருமில்லை. எரியூட்டலுக்குரிய குற்றச்சாட்டு இவ்விடத்திலேயே எழுதப்பட்டுவிடுகிறது என்பது என் கருத்து. வஞ்சின மாலையில் அவள் மதுரை மாந்தரையும் மகளிரையும் விளித்துத் தான் குற்றமற்றவள் என்று அறிவிப்பதும் இதனாலேயே. அரசன் முன் வழக்குரைத்தவள் இப்போது நகரத்தின் முன் தன் செயலுக்கு விளக்கம் கூற வேண்டிய நிலையில் நிற்கிறாள். நகரை எரிக்கும் முன்னர் அவள் சிதைப்பது தன் உடலையே என்பதும் மறத்தற்குரியதன்று.

தீக்கடவுள் தோன்றி, இந்நகரை எரிக்கும் ஏவல் தனக்கு முன்பே உண்டென்றும், இங்கே யார் பிழைக்க வேண்டுமென்றும் கேட்கிறான். பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள் ஆகியோரை விலக்கித் தீயோர் பக்கம் செல்லுமாறு அவள் பணிக்கிறாள். இப்பட்டியலை வன்முறைக்கு இடப்பட்ட அறவரம்பாகப் போற்றுவோர் உளர். ஆயின் அதில் ஒரு சொல் இடறுகிறது. விலக்குப் பெறுவோர் பெண்டிர் அல்லர், பத்தினிப் பெண்டிர். அழற்படு காதை இதன் விளைவைத் தயங்காமல் காட்டுகிறது. விருந்தோம்பி இல்லறம் நடத்தும் பெருமனைக் கிழத்தியர் மகிழ்ந்து, கண்ணகி தொடுத்த இப்போர் கொடியதன்று எனக் கூறித் தீக்கடவுளைத் தொழுகின்றனர். அடுத்த வீதியிலோ தண்ணுமையும் குழலும் யாழும் ஒலித்த அரங்குகள் அழிகின்றன. ஆடரங்கை இழந்த நாடக மகளிர், சிலம்பால் மன்னனை வென்று ஊருக்குத் தீயிட்ட இவள் எந்நாட்டாள், யார் மகள் என்று வினவுகின்றனர். ஒரே தீயை இருவகைப் பெண்டிர் இருவகையாகக் காண்கின்றனர். மாதவியின் கலையை ஒரு காதை முழுவதும் விரித்துப் பாடிய புலவர் இவ்வரங்குகளின் அழிவை அறியாமல் எழுதியிருப்பார் என நான் நம்பவில்லை. பெண்ணுரிமையின் பெயரால் இத்தீயை நியாயப்படுத்துவோர் இரண்டாம் வீதிக்கும் விடை கூற வேண்டும்.

பிற்கால வரலாறும் இவ்விடர்ப்பாட்டிலிருந்து தப்பவில்லை. எமிலின் பேங்க்ஹர்ஸ்ட் 1903இல் மான்செஸ்டரில் தொடங்கிய பெண்கள் சமூக அரசியல் சங்கத்தினர், மனுக்களும் ஊர்வலங்களும் பயனளிக்காத நிலையில் 1912இல் கண்ணாடிச் சன்னல்களை உடைத்தனர். 1913, 1914ஆம் ஆண்டுகளில் ஆளில்லாக் கட்டடங்களுக்குத் தீயிட்டனர். உடைமைக்கு ஊறு செய்யலாம், உயிருக்கு ஊறு செய்தல் ஆகாது என்பது அவர்கள் வகுத்த வரம்பு. 1909 முதல் சிறையில் உண்ணாநோன்பிருந்து தம் உடலையே களமாக்கியவர்களும் அவர்களே. எனினும் அஞ்சற்பெட்டிகளில் இடப்பட்ட வேதிப்பொருள்களால் அஞ்சல் ஊழியர் சிலர் தீக்காயமுற்றனர். தீ பட்டியலைப் படித்துவிட்டுச் செல்வதில்லை. 1918இல் முப்பது வயதுக்கு மேற்பட்ட, சொத்துத் தகுதியுடைய பெண்களுக்கும் 1928இல் ஆண்களுக்கு நிகராக அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது தீயினாலா, மில்லிசென்ட் பாசெட் போன்றோரின் அறவழிப் பணியினாலா, போர்க்கால மாற்றத்தினாலா என்பதில் வரலாற்றாசிரியரிடையே இன்றும் ஒருமித்த கருத்தில்லை. சென்னை மாகாணத்தில் 1921இல் தீயின்றியே பெண்களுக்கு வாக்குரிமை கிட்டியது என்பர். உண்மையே, ஆயினும் சொத்துத் தகுதியால் அது மிகச் சிலருக்கே பயன்பட்டது என்பதையும் சேர்த்தே கூறவேண்டும்.

இனி மணிமேகலைக்கு வருவோம். வஞ்சி நகரில் கண்ணகி கோட்டத்தை அடைந்த மணிமேகலையிடம் தெய்வமாகிய கண்ணகியே பேசுகிறாள். பழவினையின் பயனை மதுராபதித் தெய்வம் எடுத்துரைத்த பின்னரும், தான் சினங்கொண்டு வளநகரைச் சிதைத்ததாக ஒப்புக்கொள்கிறாள். நல்வினையால் வானவர் நிலை பெற்றாலும், அது தீர்ந்தபின் அச்சினத்தின் பாவம் எவ்வகையிலும் வந்தே தீரும் என்கிறாள். சிலம்பில் மதுராபதி தோன்றுவது எரி பரவிய பின்னர். அத்தெய்வத்தின் உரைக்குப் பின்னரே தீ வீடு பெறுகிறது. சாத்தனாரோ இவ்வரிசையை மாற்றிவிடுகிறார். அறியாமல் எரித்தவள் அறிந்தே எரித்தவளாகிறாள். இதனைப் பௌத்த வினைக்கோட்பாட்டின் ஏற்றம் என்று மட்டும் கூறி அமைதல் போதாது. சிலம்பில் தன்னைக் குற்றமற்றவள் என்றவளின் வாயாலேயே குற்றத்தை உரைக்கச் செய்வது, முதற்காப்பியத்தின் தீர்ப்பின்மீது தொடுக்கப்பட்ட மேல்முறையீடு ஆகும். எனினும் சாத்தனாரும் மதுரையின் அநீதியை மறுக்கவில்லை. போராடியது பிழையென்று கூறாமல், போராட்டத்தின் விலை போராடியவளுக்கும் உண்டென்று கூறுகிறார். இவ்வேறுபாட்டை நம் ஆய்வுகள் போதிய அளவு கருதவில்லை.

மதுராபதி கூறும் பழங்கதையில் இன்னொருத்தி இருக்கிறாள். கோவலன் முற்பிறப்பில் பரதன் எனும் பெயரினனாய்ச் சங்கமன் என்னும் வணிகனை ஒற்றனென்று பழிகூறிக் கொல்வித்தான். சங்கமன் மனைவி நீலி, வணிகரிடமும் அரசனிடமும் முறையோ எனக் கேட்டு, பதினான்கு நாள் வீதிதோறும் அழுது திரிந்தாள். கண்ணகிக்கு நேர்ந்த அதே பொய்ப்பழி, அதே கைம்மை. அவளிடம் சிலம்பில்லை, அவளுக்காகத் தீக்கடவுள் வரவில்லை, அவள் சொல்லுக்கு எந்த அவையும் கூடவில்லை. மலையுச்சியில் ஏறிச் சாபமிட்டுக் குதித்தாள். கண்ணகியின் தீயைக் கண்டிப்போரும் போற்றுவோரும் நூற்றுக்கணக்கான பக்கங்கள் எழுதியுள்ளனர். வன்முறையேதும் செய்யாமல், அதனாலேயே எவர் காதிலும் விழாமல் மடிந்த நீலியைப் பற்றி அவற்றுள் எத்தனை பக்கங்கள் உள்ளன?