வெண்ணாடையும் வெண்கலச்சிலையும்: ரொமாண்டிக் கால பாலே உடையில் ‘பயாதேர்’ உருவம் – ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

1830களில் பாரிஸ் அரங்கில் நிலைபெற்ற பாலே வெண்ணாடை, ‘பயாதேர்’ என்னும் பெயரில் தமிழகத் தேவரடியாரைக் கற்பனை செய்தது. 1838இல் அவர்களை நேரில் கண்ட பின்னரும் அக்கற்பனை மாறவில்லை. உடையைச் சான்றாகக் கொண்டு, இந்நிகழ்வைத் ‘தாக்கம்’ என்று விளக்கும் போக்கை இக்கட்டுரை மறுபரிசீலனை செய்கிறது.

திறவுச்சொற்கள்: பாலே, பயாதேர், தேவரடியார், அம்மணி, மஸ்லின், ஆடையியல்.

முன்னுரை

ஆடற்கலை வரலாற்றில் உடை பெரும்பாலும் அலங்காரமாகவே பேசப்படுகிறது. எந்த உடல் கலைக்குரியது, எது காட்சிப்பொருள் என்பதை முடிவுசெய்யும் கருவியாக அது அரிதாகவே ஆராயப்படுகிறது. ‘பயாதேர்’ என்னும் பிரெஞ்சுச் சொல் ஆடுபவளைக் குறிக்கும் போர்ச்சுக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது. சொன்னராவின் பயண நூல் (1782), கதே இயற்றிய கதைப்பாடல் (1797) ஆகியவற்றின் வழியே அச்சொல் ஐரோப்பிய இலக்கியத்தில் ஓர் உருவமாக வளர்ந்தது. அதற்கு அரங்கில் எவ்வுடை அணிவிக்கப்பட்டது என்பதே இங்கு வினா.

வெண்ணாடையின் தோற்றம்

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலே உடை அரசவை உடையே. கமார்கோ பாத அசைவு தெரியப் பாவாடையைச் சற்றே உயர்த்தினார். மரி சாலே 1734இல் இலண்டனில் எளிய மஸ்லின் உடையில் ஆடினார். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் மெல்லிய பருத்தியுடை பொதுவழக்காயிற்று. 1832 மார்ச் 12 அன்று பாரிஸ் ஓபராவில் ‘லா சில்ஃபீட்’ அரங்கேறியபோது மரி தாக்லியோனி அணிந்த உடை இம்மாற்றங்களின் முடிவுநிலை. இறுகிய மேற்கச்சு, திறந்த தோள், முழங்காலுக்குக் கீழே மணிவடிவில் விரியும் வெண்பாவாடை ஆகியவை அதன் கூறுகள். அதன் வடிவமைப்பு எழ்ஷேன் லாமிக்கு உரியதாகக் கூறப்படுகிறது.

இவ்வுடையை வானுலகக் கற்பனையின் விளைவாக மட்டும் காண்பது பொருந்தாது. ஒடுங்கிய இடையும் விரிந்த பாவாடையும் அக்காலச் செல்வப் பெண்டிரின் மாலைநேர உடையிலும் காணப்படுபவை. நீளத்தைக் குறைத்து, நிறத்தை நீக்கி, மென்துணியை அடுக்கியதே அரங்கின் பங்கு. வாயுவிளக்கின் ஒளி அவ்வெண்மைக்கு ஆவித்தன்மை சேர்த்தது.

துணியின் பொருண்மை

மஸ்லினும் தார்லத்தானும் சாதா நெசவுத் துணிகளே. பல்லடம் வட்டார விசைத்தறிகளில் ஓடும் காடாத்துணியின் நெசவும் அதுவே. வேறுபாடு நூலின் நுண்மையிலும், பாவு ஊடைகளின் நெருக்கத்திலும், ஏற்றப்படும் கஞ்சியிலும் இருக்கிறது. இந்திய மஸ்லின் ஐரோப்பாவில் உருவாக்கிய சுவையை, 1830களுக்குள் ஆலைத்துணி கைப்பற்றிவிட்டது. இந்தியப் பெண்ணாக நடித்தவரின் உடைக்கு இந்தியத் தறி தேவைப்படவில்லை.

இழைகளுக்கிடையே காற்று நிறைந்த இத்துணி எளிதில் தீப்பற்றும். 1862 நவம்பரில் ஒத்திகையின்போது எம்மா லிவ்ரியின் பாவாடை வாயுவிளக்கில் பற்றியது. அடுத்த ஆண்டு அவர் இறந்தார். தீத்தடுப்புக் கரைசலில் தோய்த்த துணி விறைத்து மங்குகிறது என்று அவர் அதனை மறுத்திருந்தார். எடையற்ற தோற்றத்திற்கு ஆடுபவரின் உடலே விலையாயிற்று.

1838: இரு உடைகளின் சந்திப்பு

1830இல் ஓபர் இசையமைத்த ‘கடவுளும் பயாதேரும்’ படைப்பில் தாக்லியோனி இந்திய ஆடற்பெண்ணாகத் தோன்றினார். எட்டாண்டுகள் கழித்து, கடலூரை அடுத்த திருவந்திபுரத்தைச் சேர்ந்த தேவரடியார் ஐவரும் இசைக்கலைஞர் மூவரும் புதுச்சேரியில் செய்த ஒப்பந்தப்படி பாரிஸ் சென்றனர். பின்னர் இலண்டனிலும் ஆடினர். அவர்களுள் புகழ்பெற்றவர் அம்மணி.

விமர்சகர் தியோஃபில் கோத்தியே அம்மணியின் கச்சையும், இடையில் தெரிந்த உடலையும், அகன்ற காற்சட்டையையும், நகைகளையும் விரிவாக வருணித்தார். ஆட்டத்தின் இலக்கணமோ பதத்தின் பொருளோ அவ்வளவு இடம் பெறவில்லை. சிற்பி ஓகுஸ்த் பார் 1837இல் தாக்லியோனியைச் சில்ஃபீடாகவும், 1838இல் அம்மணியையும் சிறு சிலைகளாக வடித்தார். ஒரே கைவண்ணத்தில் முதலாமவர் ஒரு பாத்திரமாகவும், இரண்டாமவர் தம் பெயரில் ஓர் இனத்தின் மாதிரியாகவும் நிற்கின்றனர்.

இச்சந்திப்பு பாலே உடையை மாற்றியதா என்பதற்குக் கோத்தியேவின் அடுத்த படைப்பே விடை. அவர் இணைந்து எழுதிய ‘ஜிசேல்’ (1841) கதையில், இறந்த கன்னியரின் ஆவிகளுள் சுல்மே என்னும் பயாதேரும் இடம்பெறுகிறாள். அவளுக்கென இந்தியச் சாயல் அசைவுகளும் குறிக்கப்பட்டன. இன்றைய அரங்கேற்றங்களில் அவள் ஏனைய ஆவிகளைப் போன்றே வெண்ணாடையில் வருகிறாள். 1877இல் பெத்திபா அமைத்த ‘லா பயாதேர்’ படைப்பின் நிழலுலகக் காட்சியிலும் அவ்வெண்மையே ஆள்கிறது. ஆகவே இது தாக்கம் அன்று, கரைப்பு. பயாதேரின் பெயர் ஏற்கப்பட்டது. அவளது உடையும் ஆட்டமும் ஏற்கப்படவில்லை.

எதிர்த்திசை

ஒரு நூற்றாண்டுக்குப் பின் பயணம் திசைமாறியது. பாலே பயின்ற ருக்மிணி தேவி 1935இல் அடையாறில் சதிராட்டத்தைப் புதிய மேடையமைப்பில் வழங்கினார். தைத்த ஆடல் உடையும் அச்சீர்திருத்தத்தின் பகுதி. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியங்களில் காணப்படும் காற்சட்டையும் அதன்மேல் சுற்றிய சேலையும் இதனால் வழக்கிழந்தன. பாரிஸ் அரங்கு தேவரடியாரின் உடையைப் புறக்கணித்தது. சென்னை அரங்கு அதைத் திருத்தியது. இரண்டிலும் முடிவெடுத்தவர் அவ்வுடையை அணிந்தவர் அல்லர்.

முடிவுரை

அம்மணியைப் பற்றிய ஆய்வுகள் கோத்தியேவின் சொற்களையே பெரிதும் சார்ந்துள்ளன. அச்சொற்களை விவரமாக ஏற்பதற்கு முன், வெண்ணாடைக்குப் பழகிய ஒரு கண்ணின் சாட்சியமாக அவற்றைப் படிக்கவேண்டும். தஞ்சை ஓவியங்கள், பாரின் சிலை, துணியின் நெசவு ஆகியவற்றை அவற்றோடு ஒப்பிட்டால், வருணிக்கப்பட்ட உடலிலிருந்து ஆடிய கலைஞரை ஓரளவேனும் மீட்க இயலும். நெசவுத்தொழிலை நன்கறிந்த கொங்கு வட்டார ஆய்வாளர்கள் துணியைப் பொருளியல் சான்றாக மட்டுமன்றி அரங்கச் சான்றாகவும் அணுகுவது இதற்குத் துணைபுரியும்.