மூன்றாவது தட்டில் போலந்து

ஃப்ரெடெரிக் ஷோப்பனைப் பற்றி யார் எழுதினாலும் அவருடைய இதயத்தில்தான் ஆரம்பிப்பார்கள். நாமும் அதைச் சொல்லிவிட்டே மேலே போகலாம். 1849 அக்டோபரில் பாரிஸில் இறந்தார். வயசு 39. உடலை அங்கேயே பேர் லஷேஸில் புதைத்தார்கள். இதயத்தை மட்டும் அவருடைய அக்கா லுட்விகா ஒரு ஜாடியில் போட்டு, அப்போது ரஷ்யர்கள் கையில் இருந்த வார்சாவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். இன்றைக்கும் அங்கே ஹோலி கிராஸ் சர்ச்சில், ஒரு தூணுக்குள் இருக்கிறது.

சினிமாவுக்கு ஏற்ற சமாசாரம்தான். ஆனால் அவர் சங்கீதத்தில் போலந்து எங்கே இருக்கிறது? முக்கால்வாசிப் பேர் கை காட்டுவது 'ரெவல்யூஷனரி' எட்யூட் பக்கம். 1830 நவம்பர் 2-ம் தேதி வார்சாவை விட்டுக் கிளம்பினார். அந்த மாதக் கடைசியில் அங்கே ரஷ்யர்களை எதிர்த்துப் புரட்சி வெடித்தது. அடுத்த வருஷம் அது நசுக்கப்பட்ட செய்தி ஸ்டுட்கார்ட்டில் அவரை வந்து அடைந்தது. டைரியில் கடவுளையே திட்டித் தீர்த்திருக்கிறார் மனுஷர். அந்தக் கோபம்தான் இடது கையில் புரண்டு ஓடுகிறது என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரை வைத்தது அவர் இல்லை. உருப்படிகளுக்கு இப்படிக் கதைத் தலைப்பு சூட்டுவதே அவருக்குப் பிடிக்காது.

என்னைக் கேட்டால், மஸூர்காக்களைக் கேளுங்கள் என்பேன். ஐம்பதுக்கு மேல் எழுதியிருக்கிறார். பலவும் ரெண்டு மூணு நிமிஷம்தான். அரங்கம் அதிரக் கைதட்டல் வாங்கித் தருகிற ரகம் இல்லை.

மஸூர்கா, வார்சாவைச் சுற்றியுள்ள மஸோவியா கிராமங்களின் ஆட்டம். மூன்று எண்ணிக்கை. 'வால்ட்ஸும் மூணுதானே?' என்பீர்கள். வால்ட்ஸில் அழுத்தம் முதல் தட்டில். மஸூர்காவில் அது நழுவி, இரண்டாவதிலோ மூன்றாவதிலோ போய் விழும். சின்னப் பையனாக ஷஃபார்னியா என்ற கிராமத்துக்குக் கோடை விடுமுறைக்குப் போனபோது, குடியானவர்கள் பாடுவதை ஷோப்பன் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். அந்த ஸ்வரங்களும் கூடவே வந்தன. ஓபஸ் 24-ல் இரண்டாவது மஸூர்காவில், சாதுவாகப் போய்க்கொண்டே இருந்து ஓரிடத்தில் மத்தியமத்தைத் தூக்கிப் போடுகிறார். மேற்கத்தியர்கள் இதை லிடியன் என்பார்கள். நம் காதுக்கு, சங்கராபரணத்தில் போனவர் சட்டென்று கல்யாணிக்குள் கால் வைத்த மாதிரி இருக்கும்.

தாளத்தில் இன்னொரு விஷமம். சார்லஸ் ஹாலே என்ற பியானோக்காரர், 'நீங்கள் வாசிப்பது மூணு இல்லை, நாலு' என்று எண்ணியே காட்டினாராம். ஷோப்பன் முதலில் மறுத்து, பிறகு சிரித்துக்கொண்டே, அது எங்கள் ஜனங்களின் சுபாவம் என்றாராம். இதையே மேயர்பேர் சொன்னபோது மட்டும் சிரிப்பு வரவில்லை. ஆபரா உலகின் பெரிய தலை அவர். 'இது மூணு தட்டே இல்லை, ரெண்டு' என்று சாதித்தார். ஷோப்பன் பாடிக் காட்டி, காலால் தட்டி, கத்தியே பார்த்தார். மேயர்பேர் அசையவில்லை.

பாதகமில்லை. அந்த இழுப்பைக் காகிதத்தில் எழுத முடியாது. கேட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

ஷோப்பன் அப்புறம் ஊருக்குத் திரும்பவே இல்லை. 1835-ல் கார்ல்ஸ்பாடில் அம்மா அப்பாவைப் பார்த்ததுதான் கடைசி. (அப்பா பிறப்பால் பிரெஞ்சுக்காரர் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.) 1940-ல் நாஜிகள் வார்சாவில் அவர் சிலையை வெடி வைத்துத் தகர்த்தார்கள். 1958-ல் திரும்ப நிறுத்தினார்கள்.

வார்சாவில் 1927-ல் ஆரம்பித்த ஷோப்பன் பியானோ போட்டியில், மஸூர்காவை நன்றாக வாசிப்பவருக்கென்றே போலிஷ் ரேடியோ ஒரு பரிசு வைத்திருக்கிறது. 1955-ல் அது யாருக்குப் போனது தெரியுமா? ஃபூ ட்ஸோங் என்ற ஷாங்காய் பையனுக்கு. உள்ளூர்க்காரர்கள் வாயடைத்துப் போயிருப்பார்கள். போலந்திலேயே தங்கிப் படித்தவர், 1958-ல் சீனாவுக்குத் திரும்பாமல் லண்டனுக்குத் தப்பினார். 1966-ல், கலாசாரப் புரட்சியின்போது, அவருடைய அம்மாவும் அப்பாவும் தற்கொலை செய்துகொண்டார்கள். அவரால் ஊருக்குப் போக முடிந்தது 1979-ல்.

2020-ல் லண்டனில் காலமானார். அவர் வாசித்த மஸூர்காக்கள் ஒலிப்பதிவாகக் கிடைக்கின்றன. கேட்கும்போது மூன்றாவது தட்டைக் கவனியுங்கள்.